பயந்த முயலின் இரத்தம்

இராமநாதபுரம் சீமையின் கடல் தரும் செல்வம் யாது என்று கேட்டால், முத்து, சங்கு, மீன், உப்பு என்று நம்மில் பலரும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவோம். பாசியை நினைப்பவர் சிலரே. பாம்பன் தீவின் சின்னப்பாலம் முதல் கீழக்கரை, ஏர்வாடி வரையில் எத்தனையோ பெண்மணிகள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சையடக்கிக் கடலுக்குள் மூழ்கிப் பாசி பறித்துக் குடும்பம் காப்பாற்றுகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கடாப் பாசி என்று அவர்கள் அவற்றுக்கு இட்டிருக்கும் பெயர்களே அழகானவை. முதலிரண்டும் அகர் காய்ச்சுவதற்கும், பின்னிரண்டும் ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருள் எடுப்பதற்கும் போகின்றன. 1947-ம் ஆண்டில் தோன்றிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும், மண்டபத்தில் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தும் பாசி ஆராய்ச்சிக் கிளையும் இப்பாசிகளின் குணங்களைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன.

அண்மைக் காலத்தில் இந்தப் பாசிகளுக்கு வேறொரு கியாதியும் ஏற்பட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாப் பாசிகளின் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இரத்தத்தில் சர்க்கரை குறைந்தது என்று நம் கலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பலர் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கட்டுரையில் 'எலிக்குச் சர்க்கரை இறங்கிற்று' என்று இருக்கும் வாக்கியம் கடைத்தெருவுக்கு வந்து சேரும்போது 'சர்க்கரை வியாதிக்குக் கண்கண்ட மருந்து' என்று ஆகிவிடுகிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் உள்ள தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க அமைத்த பாலத்தில் முதலில் அடியெடுத்து வைக்கும் ஜீவன்கள் எலியும் முயலுமே. அவற்றின் ஒரு துளி இரத்தமும் சில துளி சிறுநீரும் என்ன சொல்கின்றன, எப்போது மெய் சொல்கின்றன, எப்போது பொய் சொல்கின்றன என்பதே இவ்வார விஷயம்.

இந்தச் சாஸ்திரத்தின் பழைய கதையொன்று பாரிஸ் நகரத்தைச் சேர்ந்தது. கிளாட் பெர்னார்ட் என்னும் பிரெஞ்சு வைத்திய மேதையின் சோதனைச் சாலைக்கு ஒரு நாள் சந்தையிலிருந்து சில முயல்களைக் கொண்டுவந்து மேஜைமேல் விட்டார்கள். அவை மேஜைமேலேயே சிறுநீர் பெய்தன. வேறொருவராயிருந்தால் மேஜையைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். பெர்னார்டோ அதை உற்றுப் பார்த்தார். புல் தின்னும் பிராணியின் சிறுநீர் கலங்கலாகவும் காரத்தன்மை உள்ளதாகவும் இருப்பது வழக்கம். இதுவோ மாமிச பட்சணியின் சிறுநீரைப்போல் தெளிந்து, புளிப்புத்தன்மை உடையதாயிருந்தது. புல் தின்னும் முயல் எப்போது மாமிச பட்சணி ஆயிற்று? அவர் சிந்தித்தார். சந்தையிலிருந்து வந்த முயல்கள் பல மணி நேரம் பட்டினி கிடந்திருக்க வேண்டும். உணவு இல்லாதபோது உடம்பு தன் சதையையே தின்று பிழைக்கிறது என்று ஊகித்தார். முயல்களுக்குப் புல்லைப் போட்டதும் சிறுநீர் கலங்கிற்று. மறுபடி பட்டினி போட்டதும் தெளிந்தது. 1865-ல் வெளியான தம் நூலில் அவரே இதை எழுதிவைத்தார். பட்டினி கிடக்கும் உடல் தன்னையே உண்கிறது என்ற பேருண்மையை முயலின் சிறுநீர் சொல்லிக்கொடுத்தது.

இக்கதையில் இன்னொரு பாடமும் அடங்கியிருக்கிறது. முயலுக்கு நேர்ந்தது எதுவோ அதுவே சிறுநீரில் வந்து நின்றது. சோதனைக்காரர் அதற்குக் கொடுத்த மருந்து மாத்திரம் அல்ல. வழியில் அது பட்ட பசியும் அங்கே எழுதப்பட்டிருந்தது. இதை மறந்தவர் மருந்தின் குணம் என்று எண்ணிப் பசியின் குணத்தை எழுதிவைப்பார்.

பசிக்கு உள்ள இந்தச் சக்தி பயத்துக்கும் உண்டு. 1911-ம் ஆண்டில் அமெரிக்காவில் வால்டர் கானன் என்னும் அறிஞர் பூனைகளை வைத்து இதைக் காட்டினார். கட்டிவைத்த பூனை கலவரமடைந்தால் அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றியது. கூண்டில் இருந்த பூனையின் எதிரே நாய் குரைத்தபோதும் அப்படியே. பயம் வந்தால் அட்ரினல் சுரப்பி வேலை செய்கிறது. கல்லீரலில் சேமித்துவைத்த சர்க்கரை இரத்தத்தில் கொட்டுகிறது. அளவு மீறினால் சிறுநீரிலும் வழிகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு செய்துகொள்ளும் ஆயத்தம் இது. பிற்பாடு ஹார்வர்டு கலாசாலைக் கால்பந்து வீரர்கள் 25 பேரைப் பெரும் பந்தயம் ஒன்று முடிந்தவுடன் சோதித்ததில், 12 பேருடைய சிறுநீரில் சர்க்கரை காணப்பட்டது. அந்தப் பன்னிருவரில் ஐவர் அன்று ஆடவே இல்லை! 'நம்மை எப்போது கூப்பிடுவார்களோ' என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்ற அனுபவம் உள்ள நேயர்களுக்கு இது வியப்பாயிராது.

பெரிய சரீரமும் கல்வியும் படைத்த வாலிபர்களின் கதி இதுவானால், முயலின் கதியைக் கேட்பானேன்? முயல் பயத்துக்கென்றே பிறந்த பிராணி. முரட்டுக் கையால் காதைப் பிடித்துத் தூக்கிக் கூண்டிலிருந்து வெளியே எடுத்த சில நிமிஷங்களில் அதன் இரத்தச் சர்க்கரை ஏறிவிடும். வெள்ளை அணுக்களின் விகிதமும் மாறிவிடும். அந்த நிலையில் எடுத்த துளியை எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் இட்டாலும், இயந்திரம் பயத்தைத்தான் அளந்து சொல்லும். ஆகவே தேர்ந்த ஆராய்ச்சிச் சாலைகளில் சோதனைக்குப் பல நாட்களுக்கு முன்பிருந்தே பிராணியைக் கைக்குப் பழக்குகிறார்கள். தினந்தோறும் ஒரே ஆள், ஒரே வேளையில், மெதுவாக எடுத்து வைத்துக் கொள்கிறார். ஊசி குத்தும் இடத்தில் வலி தெரியாமல் இருக்கக் களிம்பு தடவுகிறார்கள். இதைச் செய்யத் தூண்டுவது கருணை என்று சொல்பவர் சொல்லலாம்; கணக்கு என்று சொல்பவரும் சொல்லலாம். இந்த ஒரு துறையில் இரண்டும் ஒரே வாசல் வழியாக நுழைகின்றன.

இனி, அளவைக் கவனிப்போம். 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடம்பு முழுவதிலும் ஓடும் இரத்தம் சுமார் 2 மில்லிலிட்டர். கால் கிலோ எடையுள்ள வெள்ளெலிக்குச் சுமார் 16 மில்லிலிட்டர். அதாவது மூன்று தேக்கரண்டிக்குச் சற்று அதிகம். மூன்று கிலோ முயலுக்கு ஏறக்குறைய 170 மில்லிலிட்டர். ஒரு தடவையில் மொத்த இரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது பொதுவாக அநுசரிக்கப்படும் விதி. எடுத்த பின் இழந்ததை உடல் ஈடு செய்ய இரண்டு வாரமேனும் விடவேண்டும். இவ்விதிப்படி சுண்டெலியிடமிருந்து நாம் பெறக்கூடியது நாலே துளி. அதிகம் எடுத்தால் பிராணி சோர்ந்து விடும். அடுத்த சோதனையில் காணும் இரத்தசோகை மருந்தால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. முயலுக்குக் காதின் ஓரத்து நரம்பிலும், எலிக்கு வாலின் பக்கத்து நரம்பிலும் இரத்தம் எடுப்பது வழக்கம். ஊசியை அவசரமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்துவிடும். பிறகு அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை.

சிறுநீரைச் சேகரிப்பதும் எளிதன்று. அடியில் கம்பிவலையும் அதன்கீழ் புனலும் அமைந்த கூண்டில் பிராணியை வைத்து, சிறுநீர் ஒரு குப்பியிலும் மலம் வேறொரு குப்பியிலும் விழும்படி செய்கிறார்கள். சுண்டெலி நாள் முழுதும் கொடுப்பது ஒன்றிரண்டு மில்லிலிட்டர்தான். உணவுத் துணுக்கு ஒன்று அதில் விழுந்தாலும் அன்றைய கணக்கு வீண். வெறுங் கம்பியின்மேல் தன்னந்தனியே இருப்பது எலிக்குப் பிடிப்பதில்லை. ஆகையால் அக்கூண்டில் அதைத் தேவைக்கு மேல் ஒரு மணி நேரமும் வைத்தல் தகாது.

சேகரித்ததைப் படிப்பதற்கும் தனிப் பயிற்சி வேண்டும். மனிதருக்கு உரிய அளவுகோலை எடுத்துக்கொண்டு முயலின் அருகே போகிறவர் அடிக்கடி ஏமாந்து போவார். முயலின் சிறுநீர் சில நாட்களில் செக்கச் செவேலென்று இருக்கும். இரத்தம் என்று பதறவேண்டாம். அது தின்ற தழைகளைப் பொறுத்து வரும் நிறம் அது. கலங்கலாக இருப்பதும் நோயன்று. முயல் தன் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தைத் தாராளமாக உட்கொண்டு, வேண்டாததைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் வரும் கலக்கம் அது. ஆண் எலியின் சிறுநீரில் புரதம் காணப்படும். மனிதனிடம் கண்டால் சிறுநீரகக் கோளாறு என்று வைத்தியர் புருவத்தை நெரிப்பார். எலிக்கோ அது இயற்கை. எலியின் இரத்தத்தில் லிம்ப அணுக்களே மிகுதி. நம் இரத்தத்தில் அப்படியில்லை. ஒவ்வொரு ஜாதிக்கும் அதனதன் கணக்கு உண்டு. அக்கணக்கை முன்னதாகவே, மருந்து கொடாத பிராணிகளிடம் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் சோதனை.

இத்தகைய சோதனைகளால் நமக்கு விளைந்த நன்மை யாது என்று நேயர்கள் கேட்கக்கூடும். சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் இருக்கும் இன்ஸுலின் புட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் நாட்டில் வழங்கும் புட்டிகளில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்று அச்சிட்டிருக்கும். யூனிட் என்றால் என்ன? 1922-ல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்ஸுலின் முதன்முதலாகக் கிடைத்தபோது அதைச் சுத்தமாகப் பிரித்து எடைபோட வழியில்லை. ஆகவே முயலையே தராசாகக் கொண்டார்கள். பட்டினியிருந்த 2 கிலோ முயலின் இரத்தச் சர்க்கரையை 100 மில்லிலிட்டருக்கு 45 மில்லிகிராம் அளவுக்கு இறக்குவதற்கு எவ்வளவு மருந்து வேண்டுமோ அதை அளவாக வைத்தார்கள். பின்னர் அதில் மூன்றிலொரு பங்கு யூனிட் என்று நிலைபெற்றது. இப்பொழுது மருந்தையே நிறுத்து அளக்கும் முறை வந்துவிட்டதால் முயல் அவ்வேலையிலிருந்து விடுதலை பெற்றுவிட்டது. ஆயினும் யூனிட் என்ற சொல்லில் அந்தப் பழைய முயல்களின் கடன் எழுதப்பட்டிருக்கிறது. கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று அறிவதற்கும் ஒரு காலத்தில் இப்பிராணிகளே கதியாயிருந்தன. பெர்லின் நகரில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் என்னும் இருவர் 1920-களின் இறுதியில் சுண்டெலிகளையும், அமெரிக்காவில் ஃப்ரீட்மன் என்பவர் 1931-ல் முயல்களையும் இதற்குப் பயன்படுத்தினார்கள். ஸ்திரீயின் சிறுநீரை ஊசியால் ஏற்றி, பிறகு பிராணியைக் கொன்று அதன் சினைப்பையைப் பார்ப்பார்கள். இன்று மருந்துக்கடையில் வாங்கும் காகிதப் பட்டை ஐந்து நிமிஷத்தில் அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

நமது தமிழ் நாட்டிலேயே எலிகள் பெரியதொரு வழக்கில் சாட்சி சொல்லியிருக்கின்றன. நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் ஸ்தாபனத்தின் ஓர் அறையில் 1918-ம் ஆண்டு ராபர்ட் மக்காரிஸன் என்னும் ராணுவ வைத்தியர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். சிக்கனம் என்ற பேரால் சர்க்கார் 1923-ல் அதை மூடிவிட்டுப் பிறகு மீண்டும் திறந்தது. பாரத தேசத்தின் பல பகுதி ஜனங்கள் உண்ணும் உணவு வகைகளை அவர் எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் உணவு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை உணவு தின்றவை எல்லாவற்றிலும் சிறுத்துப்போயின. எல்லாம் ஒரே குலத்து எலிகள்! தென்னாட்டான் உடல் மெலிந்திருப்பதற்குக் குலம் காரணம் என்று பேசியவர்களுக்கு, குலம் அன்று, கலம்தான் காரணம் என்று குன்னூர் எலிகள் விடை கொடுத்தன. ஏ வைட்டமின் குறைந்த உணவைத் தின்ற எலிகளின் மூத்திரப் பையில் கற்கள் உண்டாவதையும், பால் சேர்த்தால் அது தடைப்படுவதையும் அவர் அங்கே கண்டார். அந்த ஸ்தாபனம் 1958-ல் ஹைதராபாத்துக்குச் சென்று, இன்று தேசியப் போஷாக்கு ஸ்தாபனம் என்ற பெயரோடு விளங்குகிறது.

இப்போது மறுபடி பாசிக்கு வருவோம். ஒரு பாசிப் பொடியை நாள்தோறும் உண்ணலாமா என்று முறைப்படி அறிய விரும்புகிறவர்களுக்கு, உலக நாடுகள் ஒப்புக்கொண்ட 90 நாள் சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து ஆண் எலி, பத்துப் பெண் எலி; மூன்று வித அளவில் பொடி உண்ணும் மூன்று கூட்டங்கள், உண்ணாத கூட்டம் ஒன்று; ஆக 80 எலிகள். முடிவில் இரத்தத்தை எடுத்துச் சிவப்பணு, வெள்ளையணு, சர்க்கரை, கல்லீரலின் நொதிகள், யூரியா, கிரியேட்டினின் முதலியவற்றை அளக்கிறார்கள். சிறுநீரின் அடர்த்தி, புரதம், இரத்தக் கசிவு ஆகியவற்றையும் பார்ப்பதுண்டு. சர்க்கரை இறங்கியதா என்பது ஒரு கேள்விதான். சர்க்கரை இறங்கியபோது கல்லீரலும் சிறுநீரகமும் என்ன ஆயின என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இக்கேள்வி வீண் சந்தேகத்தால் எழுவதன்று. பழுப்புப் பாசிகளுக்குக் கடலில் உள்ள அயோடினையும் பாஷாணச் சத்தையும் உறிஞ்சிச் சேர்த்து வைக்கும் குணம் உண்டு. ஜப்பானியர் உண்ணும் ஹிஜிகி என்ற பாசியில் கொடிய வகைப் பாஷாணம் மிகுந்திருப்பது கண்டு, அதை உண்ணவேண்டாம் என்று பிரிட்டிஷ் உணவு அதிகாரிகள் 2004-ல் அறிவித்தார்கள். நம் கட்டக்கோரை அந்த ஹிஜிகியின் நெருங்கிய உறவு. இதனால் நம் கரைப் பாசி எல்லாம் விஷம் என்று யாரும் கொள்ளவேண்டாம்; உறவினர் செய்த குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிப்பது நியாயமாகாது. ஆனால் விசாரணை இல்லாமல் விடுதலை செய்வதும் நியாயமாகாதே!

எலி சொன்ன சாட்சியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆராய்ச்சியாளர் எலிக்குச் சர்க்கரை வியாதி வருவிக்க, கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் அணுக்களை ஒரு மருந்தால் அழிக்கிறார்கள். முயலின் கணையத்தை அல்லாக்ஸான் என்னும் பொருள் இப்படி அழிப்பதை 1943-ல் கண்டறிந்த பிறகு வந்த வழக்கம் இது. நம் வீடுகளில் நாற்பது வயதுக்குமேல் மெல்ல மெல்ல வந்து சேரும் சர்க்கரை வியாதி வேறு விதமானது. ஓர் ஊரின் நாணயம் மறு ஊரில் செல்லுமா என்று பார்த்துத்தான் பெறவேண்டும். தாலிடோமைடு என்னும் தூக்க மருந்தின் துயரக் கதை இதற்குச் சான்று. 1957 முதல் விற்பனையான அம்மருந்தைக் கர்ப்பிணிகள் உண்டதால் உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. பின்னர்ப் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எலிகள் பெரும்பாலும் தப்பின; முயல்களிடமோ அதே கேடு தோன்றியது. ஒரு ஜாதிப் பிராணியோடு நின்றுவிடாமல் இரண்டாவது ஜாதியையும் கேட்கவேண்டும் என்ற நியதி இதனால் உறுதிப்பட்டது.

"எல்லாம் சரி, நம் சுகத்துக்காக வாயில்லா ஜீவனை வதைக்கலாமா?" என்று கேட்கும் நேயர்கள் இருப்பார்கள். இருக்கவேண்டும். இக்கேள்வியை ராஜ்யசபையில் எழுப்பியவர் மதுரையில் பிறந்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி. பரத நாட்டியத்துக்கு அவர் செய்த சேவையை எல்லோரும் அறிவர். பிராணி வதைத் தடுப்புக்காக அவர் தனி மசோதா கொண்டுவந்ததை அறிந்தவர் குறைவு. சர்க்காரே சட்டம் செய்யும் என்று பண்டித நேரு உறுதி கூறியதன்பேரில் அவர் அதை வாபஸ் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. தவிர்க்கக்கூடிய இடத்தில் பிராணி சோதனையைத் தவிர்க்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் வாசகம். பெரிய பிராணிக்குப் பதில் முயலும் எலியும் போதுமானால் பெரியதைத் தொடக்கூடாது என்றும் அது சொல்கிறது. சட்டமே பாரத்தைச் சின்னஞ்சிறு முதுகுகளில் ஏற்றியிருப்பதால், அவற்றின்மீது நமக்கு இரட்டைக் கடமை. 1998-ல் வந்த விதிகளின்படி சோதனை நடத்தும் ஒவ்வொரு ஸ்தாபனமும் பதிவு செய்துகொண்டு, எத்தனை பிராணி, எதற்காக என்று ஒரு குழுவின் அநுமதி பெறவேண்டும். 2023-ம் வருஷம் மருந்து விதிகளைத் திருத்தி, பிராணியில்லாத சோதனை முறைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வழி திறந்திருக்கிறது, அதில் நடக்கும் வேகம் நம்மைப் பொறுத்தது.

அதுவரையில் நேயர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாசிப் பொடியோ, வேறெந்தப் பொடியோ, 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற முத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பிராணியிடம், எத்தனை நாள் சோதித்தீர்கள்? சர்க்கரை தவிரக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்தீர்களா? அதற்குப் பின் மனிதர்களிடம் முறையாகச் சோதித்தீர்களா? விடை வராவிட்டால் பொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வைத்தியர் எழுதிய மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். கேள்வி கேட்காமல் வாங்குகிறவர் தம் பணத்தை மாத்திரமா இழக்கிறார்? சின்னப்பாலத்துப் பெண் மூச்சடக்கிப் பறித்த பாசியின் நல்ல பெயரும் அதோடு போகிறது. எங்கோ ஒரு கூண்டில் நாலு துளி இரத்தம் கொடுத்த சுண்டெலியின் சாட்சியமும் வீணாகிறது.